மதகில் வைத்த மற்றப் பழம்

1 யூன் 1938, புதன்

காத்தான்குடி வாசிகளுக்கும், வாவிக்கு அக்கரையிலும் இக்கரையிலும் உள்ள சகல சனங்களுக்கும், அவர்களின் ஆடு மாடு கோழிகளுக்கும் இதனால் அறியத்தருவது யாதெனில்: தறிக்காரர் கச்சி முகம்மது அவர்களின் ஏக புத்திரனும், சனத்தைச் சிரிக்க வைக்கும் பகிடித் தொழிலில் இந்தப் பகுதிக்கே தலைவனுமாகிய அசனார் என்னும் எனக்கு, இன்று காலை மேலுதட்டின்மேல் மீசை உதயமாகியிருக்கிறது. பள்ளிவாசலில் நகரா அடிக்கத் தேவையில்லை. எளிமையாகக் கொண்டாடினால் போதும்.

உம்மா பார்த்துவிட்டு, "மூக்குக்குக் கீழ என்னடா ஊத்தை? கழுவிட்டு வந்து தின்" என்றார். என் மூத்த சகோதரி ராத்தா, "எங்க? நான் காணல்ல" என்றாள். வாப்பா தறியிலிருந்து தலையே தூக்கவில்லை.

ஆக, மீசை இருக்கிறது. யார் கண்ணுக்கும் தெரியவில்லை. இதில் ஏதோ சதி இருக்கிறது.

3 யூன், வெள்ளி

என் கூட்டாளி இளையதம்பியின் அண்ணன் மதராசிலிருந்து வருவிக்கும் வாரப் பத்திரிகையில் ஒரு தொடர்கதை வருகிறது. ஒருவன் காட்டில் ஏதோ வேரைத் தின்கிறான். அந்த நொடியே ஆள் மாயம். நாவற்குடாவில் இளையதம்பி வீட்டு வேலியோரம் இருந்து மூன்று வாரத்துக் கதையையும் ஒரே மூச்சில் படித்தோம்.

லாபங்கள் எனக்கு உடனே விளங்கின. வாத்தியாரின் பிரம்பை அவர் கையிலிருந்தே மெதுவாக உருவலாம். மாமரத்துக்காரன் பார்த்துக்கொண்டிருக்கவே மாங்காய் தானாகக் கழன்று நடந்து போகும். ஆனால் பெரிய லாபம் இவை அல்ல. நான் இல்லை என்று நினைத்துக்கொண்டு பெரியவர்கள் என்ன பேசுகிறார்கள் என்று கேட்கலாம். அதற்காக அந்த வேரை மண்ணோடே தின்பேன்.

நட்டத்தைத்தான் கதைக்காரர் எழுதாமல் மறைக்கிறார். உடுப்பு மறையுமா, மறையாதா? மறையாது என்றால் அந்த மனிதன் கச்சான் காற்றடிக்கும் வெயிலில் கொதிக்கிற மணலில் உடுப்பில்லாமல் அலைய வேண்டும். தின்ற இடியப்பம் வயிற்றுக்குள் தெரியுமா? சந்தையில் மாட்டுவண்டிக்காரன் யாரைப் பார்த்து வண்டியைத் திருப்புவான்? காய்ச்சல் வந்தால் பரிகாரி எந்தக் கையைப் பிடித்து நாடி பார்ப்பார்?

"அவன் வாவிக்குள்ள இறங்கினா தண்ணியில ஆள் அளவுக்கு ஒரு பள்ளம் தெரியுமேடா" என்றான் இளையதம்பி.

"அதுக்குள்ள மீன் விழுமா?"

"விழுந்தா, மீன் அந்தரத்தில நிக்கிற மாதிரி இருக்கும்."

இதைப் பற்றி இருட்டும்வரை சண்டை பிடித்தோம். என் முடிவு: இந்தக் கதையை எழுதியவர் ஒரு நாளும் மறைந்து பார்த்தவர் அல்ல.

5 யூன், ஞாயிறு

வீட்டில் ஏதோ நடக்கிறது. உம்மா காரணமில்லாமல் முணுமுணுத்துப் பாடுகிறார். உப்புச் சட்டி நிறைய உப்பு இருக்க, என்னை உப்பு வாங்கிவர அனுப்பினார். வந்தேன். சீனி வாங்க அனுப்பினார். ஆனையைச் சட்டியால் மூடப் பார்க்கிறார்கள்.

மூன்றாம் முறை போவதுபோல் போய்க் கோழிக்கூட்டுக்குப் பின்னால் குந்திக்கொண்டேன். முகைதீன்பாவா மாமா வந்திருந்தார். ராத்தாவுக்கு ஒரு மாப்பிள்ளை கொண்டுவந்திருந்தார். பெயர் சாலிஹ். ஊர் ஏறாவூர். மட்டக்களப்புக் கடைத்தெருவில் புடவைக்கடை. மாமா சொல்லச் சொல்ல அந்த மனிதர் வளர்ந்துகொண்டே போனார். இன்னும் கொஞ்சம் இருந்திருந்தால் அவரை வீட்டுக்குள் எடுக்கக் கூரையைப் பிரிக்க வேண்டியிருக்கும். இப்படி ஒரு குறையும் இல்லாத ஆள் ஏன் இன்னும் கலியாணம் கட்டாமல் இருக்கிறார்?

இதில் என் வழக்கும் உண்டு. எங்கள் ஊரில் வீடு பெண்பிள்ளைக்கு, மாப்பிள்ளை வந்து குடியேறுவார். உம்மாவும் வாப்பாவும் பின்னறைக்குப் போவார்கள். காற்று வருகிற முன்னறையில் என் பாய் கிடக்கும் இடத்தில் சாலிஹ் கிடப்பார். நான் தறிக்கொட்டிலுக்கு.

6 யூன், திங்கள்

ராத்தா வேலி மூலையில் பாய் இழைத்துக்கொண்டிருந்தாள். அவள் பெரிய பிள்ளையான நாளிலிருந்து வேலிக் கடப்பைத் தாண்டியதில்லை. ஆனால் ஒழுங்கையில் போகும் ஒருவரும் அவளுக்குத் தப்ப முடியாது. கிடுகு வேலியில் கண்ணளவு ஒரு ஓட்டை வைத்திருக்கிறாள். இருமலைக் கேட்டே ஆளைச் சொல்லுவாள்.

மறைந்த மனிதனின் கதையை அவளுக்குச் சொன்னேன். "குடுத்து வெச்சவன்" என்றேன்.

அவள் கையை நிறுத்தாமல் சொன்னாள்: "அவனுக்கு எத்தின நாளாம்? ஒரு கிழமையா? எனக்கு எத்தின வரிசம். நீ என்னட்டக் கேளு. எல்லாத்தையும் காணுறம் எண்டு ஒரு நினைப்பு வரும். ஓட்டையால பாத்தா ஓட்டையளவுதான் தெரியும் மனே."

பிறகு சுற்றிப் பார்த்துவிட்டு விஷயத்துக்கு வந்தாள். வாப்பா அவளிடம் சொல்லிவிட்டாராம், வருகிற கிழமை வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு மாமா பதிலுக்கு வருவார், அவள் வாயால் ஓம் என்றால்தான் ஓம் என்று. அவளோ அந்த மனிதரின் இருமலைக்கூடக் கேட்டதில்லை.

"நீ பள்ளிக்கூடம் விட்டு அந்தப் பக்கத்தாலதானே வாறாய். ஒரு விசயம் மட்டும் பாத்துச் சொல்லு. சத்தம் போடுற ஆளா எண்டு. ஏழை எளியதுகளோட எப்பிடிப் பேசுறார் எண்டு."

"அழகா எண்டு பாக்கத் தேவையில்லியா?"

"அழகு சத்தம் போடாது. இந்த வளவுக்கு வாப்பாட சத்தம் ஒண்டு போதும்."

வாப்பாவின் குரல் தறியோடு போட்டி போட்டு வளர்ந்த குரல். அவர் வெற்றிலை கேட்டால் அக்கரையில் ஒருவன் எடுத்துக் கொடுப்பான்.

வேலையை ஏற்றுக்கொண்டேன். அந்தச் சாலிஹிடம் ஒரு குறை கண்டுபிடிக்காமல் விடமாட்டேன்.

7 யூன், செவ்வாய்

இளையதம்பியிடம் சொன்னதுதான் தாமதம், தன் பெரியப்பன் ஒரு மாய மை வைத்திருக்கிறாராம், பூசினால் ஆள் தெரியாதாம், என் பம்பரத்துக்கு ஒரு சிமிழ் தருவானாம். நெற்றியில், கன்னத்தில், காதுக்குப் பின்னால் பூச வேண்டும். சட்டையைப் பிரட்டிப் போட வேண்டும். கண்ணாடியிலோ தண்ணீரிலோ முகம் பார்க்கக் கூடாது. பார்த்தால் மந்திரம் முறியும். வீட்டுக்கு வருமுன் கண்ணை மூடிக்கொண்டு வாவியில் கழுவிவிட வேண்டும்.

சிரித்து அவன் முகத்திலேயே திருப்பிக் கொடுத்தேன். நான் பகுத்தறிவுள்ளவன். அதோடு இதெல்லாம் நம் மார்க்கத்துக்கு ஆகாது. பள்ளிவாசல் லெப்பை அறிந்தால் தோலை உரிப்பார்.

பம்பரம் தொலைந்துவிட்டது. எங்கே என்று தெரியவில்லை.

8 யூன், புதன்

இன்று மறைந்தேன். முழுவதும் என் திறமையால். எப்படி என்று இங்கே எழுதமாட்டேன், தொழில் இரகசியம்.

சாலிஹின் கடைக்கு எதிரே வடிகாலின்மேல் ஒரு மதகு. அதன் பக்கத்தில் நின்றேன். கடைத்தெரு முழுக்கச் சனம். ஒருவரும் என்னைக் காணவில்லை! என் பக்கம் பார்ப்பார்கள். உடனே முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார்கள், வெறும் காற்றைப் பார்த்ததுபோல. ஒரு கைக்குழந்தை மட்டும் என்னைப் பார்த்து வீரிட்டு அழுதது. ஒரு நாய் குரைத்தது. குழந்தைக்கும் நாய்க்கும் தெரியும் என்பது எல்லாரும் அறிந்ததே.

சாலிஹ் மெலிந்த ஆள். நீளக் கை, புடவை அளக்க வாய்ப்பானது. ஒரு கிழவி கடையிலுள்ள புடவை எல்லாவற்றையும் விரிக்க வைத்து, கடைசியில் ஒன்றும் வாங்காமல் எழும்பினாள். அவர் ஒவ்வொன்றாக மடித்துக்கொண்டு, "மறுகா வாங்க உம்மா" என்றார். சத்தம் இல்லை. முகத்தில்கூட இல்லை.

இவ்வளவு பொறுமை நல்லதற்கல்ல. எதையோ மறைக்கிறார்.

9 யூன், வியாழன்

வாத்தியார் என் காதுக்குப் பின்னால் உற்றுப் பார்த்து, "குளிக்கிறனியா?" என்று கேட்டார். ஏன் கேட்டார்?

13 யூன், திங்கள்

கண்டுபிடித்தேன்.

பின்னேரம் அஸர் தொழுகை முடிந்து சாலிஹ் பழக்கடைக்குப் போனார். இரண்டு வாழைப்பழம் வாங்கினார். கவனிக்க: ஒரு ஆள், இரண்டு பழம். ஒன்றை உரித்துத் தின்றபடி நேரே மதகடிக்கு வந்தார். நான் மூச்சுவிடவில்லை. மற்றப் பழத்தை மதகின்மேல் வைத்தார். யாரையும் பார்க்கவில்லை. திரும்பிக் கடைக்குள் போய்விட்டார்.

யாருக்கு அது? நெடுநேரம் காத்திருந்தேன். ஒருவரும் வரவில்லை. ஒரு காகம் வந்தது. சாட்சியத்தைக் காகத்திடம் விட முடியாது. ஆகையால் அதை என் வயிற்றுக்குள் பத்திரப்படுத்தினேன்.

அவர் மூக்குக்கு முன்னால்! அந்தக் கதைக்காரர் என்னிடம் வந்து படிக்க வேண்டும்.

14 யூன், செவ்வாய்

இன்று பழத்தோடு பணியாரமும். இலையில் சுற்றி, அதே மதகில், அதே இடத்தில். வைக்கும்போது தொண்டையைச் செருமினார். யாருக்கோ சமிக்ஞை.

யோசித்துப் பார்த்தேன். ஒன்று, ஜின்னுக்குத் தீனி வைக்கிறார். இல்லாவிட்டால் எங்கோ இன்னொரு குடும்பம் இருக்கிறது. அங்கிருந்து ஆள் வந்து எடுத்துப் போகிறது. நான் நிற்பதால் அந்த ஆள் வெளியே வரவில்லை. ஆனால் நான் நிற்பதுதான் யாருக்கும் தெரியாதே?

இந்த இடத்தில் கணக்கு உதைக்கிறது. பணியாரம் நன்றாக இருந்தது.

15 யூன், புதன்

ராத்தாவிடம் சொன்னேன். சத்தம் போடுகிற ஆள் இல்லை என்பதை மெதுவாகவும், இரண்டு பழத்தை உரக்கவும் சொன்னேன்.

"ஆருக்கு வெக்கிறார்?"

"தெரியா. ஆனா ஆரோ இரிக்கி ராத்தா. ஒளிச்சு வெக்கிறார். வெச்சிட்டுக் கிறுகித் திரும்பிக்கூடப் பாக்கிறல்ல."

பன் புல்லை இழைக்கும் அவள் கை நின்றுவிட்டது. பாயைச் சுருட்டிக்கொண்டே, "நல்லம் மனே. வாப்பா கேட்டா நான் வாய் திறக்கமாட்டன்" என்றாள்.

வெற்றி. முன்னறை தப்பியது. என் பாய் தப்பியது.

இரவு ராத்தாவின் செருப்புக்குள் தவளைக்குஞ்சு விட்டிருந்தேன். அவள் அதை எடுத்து வெளியே விட்டுவிட்டுப் போனாள். ஏசவில்லை. சிரிக்கவுமில்லை. சோற்றுக்கு விட்ட ஆணம் ருசியாகவே இல்லை. உம்மா உப்பைக் குறைத்துவிட்டாரா?

16 யூன், வியாழன்

எப்படி எழுதுறது. எழுதத்தான் வேணும்.

மை முடிஞ்சிட்டு. ஓம், மை. 7ஆம் திகதி எழுதினது பொய். திருப்பிக் குடுக்கல்ல. பம்பரத்தக் குடுத்து வாங்கி, ஒவ்வொரு நாளும் பாலத்தடியில நிண்டு நெத்தியிலயும் கன்னத்திலயும் காதுக்குப் புறகாலயும் பூசிட்டுத்தான் போனன். எழுதினா தோளில இரிக்கிற மலக்குகள் பாத்திருவாங்க எண்டு பயந்து எழுதல்ல. அவங்க பூசக்குள்ளயே பாத்திருப்பாங்க.

இன்று மை இல்லாதபடியால் மறைய வழியில்லை. சட்டையை நேராகப் போட்டு, தொப்பியும் போட்டு, கழுவின முகத்தோடு, எல்லாரையும்போல மதகடியில் போய் நின்றேன். சாலிஹ் இரண்டு பழத்தோடு வந்தார். மதகைப் பார்த்தார். வடிகாலுக்குள் குனிந்து பார்த்தார். கடைத்தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"தம்பி, இஞ்ச ஒரு பொடியன் வந்து நிப்பான். கண்டியா?"

அண்ணன் முறை வைத்து மரியாதையாகவே கேட்டேன்: "என்ன பொடியன் காக்கா?"

"கரிக்காரன்ட பொடியனாக்கும். பாவம், மூஞ்செல்லாம் கரி. வேர்வையில வடிஞ்சு வரிவரியா, புலிக்குட்டி மாதிரி இரிக்கும். சட்டையக்கூட ஒழுங்காப் போடத் தெரியா. கடைக்காரங்க எல்லாரும் பாவம் எண்டு பாக்காத மாதிரி இரிக்கிற. நான் பேச்சுக் குடுத்தா ஓடிருவான் எண்டுதான் ஒண்டும் பேசாம வெச்சிட்டுப் போறன். நேத்து நான் கடை தொறக்கல்ல. இண்டைக்கு ஆளக் காணல்ல. சுகமில்லியோ தெரியா."

நான் அவருக்கு முன்னாலதான் நிண்டன். கையெட்டும் தூரம். அவர் என்னக் காணல்ல.

"கண்டா இத அவனுக்குக் குடு" என்று மற்றப் பழத்தை என் கையில் தந்துவிட்டுப் போனார். போகும்போது மறுபடி வடிகாலுக்குள் குனிந்து பார்த்தார்.

நாவற்குடாவில் இளையதம்பியைப் பிடித்து உலுக்கினேன். "சிரட்டைக்கரியும் எள்ளெண்ணெயும்டா. முதல் நாளே பாலத்தில ஆராவது சொல்லுவாங்க, கழுவிட்டு அடிக்க வருவாய் எண்டு பாத்தன். நீ நம்பிட்டாய். மறுகா எப்பிடிச் சொல்லுறது?" என்றான். அவனை வாவிக்குள் தள்ளினேன். ஆள் அளவுக்குப் பள்ளம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு நானும் விழுந்தேன்.

அந்தக் குழந்தை. அந்த நாய். முகத்தைத் திருப்பிக்கொண்ட சனம். வாத்தியார். எல்லாரும் கண்டிருக்காங்க. எல்லாரும். நான் ஒருத்தன்தான் என்னக் காணல்ல.

பழம் இப்போது பாய்க்குப் பக்கத்தில் இருக்கிறது. தின்ன மனம் வரவில்லை. நாளைக்கு வெள்ளிக்கிழமை. ராத்தா வாய் திறக்கமாட்டாள். சொல்ல வேண்டும் என்றால் மையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் முன்னறை எனக்கு.

17 யூன், வெள்ளி

விடியும் முன் வெள்ளாப்பில் எழும்பிப் போய் வேலி மூலையில் குந்தினேன். பழத்தை அவள் மடியில் வைத்தேன்.

"இது என்ன?"

"மத்தப் பழம். ஆருக்கு எண்டு கேட்டாயே. எனக்கு."

எல்லாவற்றையும் சொன்னேன். சிமிழ், பம்பரம், புலிக்குட்டி, எல்லாம். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடி விழும் என்று கண்ணை மூடினேன்.

விழுந்தது சிரிப்பு. வாயைப் பொத்தினாள், முடியவில்லை. பாய்க்குள் முகத்தைப் புதைத்தாள், முடியவில்லை. தறிச்சத்தம் நின்றது. "என்னகா அங்க சத்தம்?" என்று வாப்பா கேட்டது அக்கரைக்கும் கேட்டிருக்கும்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆரெண்டு தெரியாமலே வெச்சாரா?" என்று கேட்டாள்.

"தெரியாமத்தான். என்ன முன்னால வெச்சிட்டே என்னத் தேடுறார்."

அவள் பழத்தை உரித்தாள். பாதியைத் தின்றாள். மற்றப் பாதியை எனக்குத் தரவில்லை, அதையும் தின்றாள்.

ஜும்ஆ முடிந்து மாமா வந்தார். திரைக்கு இந்தப் பக்கம் நின்று வாப்பா கேட்டார். நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த வீட்டில் பெண்பிள்ளைகள் இதற்குப் பதில் சொன்னதில்லையாம். பேசாமல் இருப்பதையே சம்மதமாக எடுப்பார்களாம். ராத்தா பேசாமல் இருந்தால் வாப்பா அதை வேண்டாம் என்று எடுப்பாரா, ஓம் என்று எடுப்பாரா என்று மாமா குழம்பிப்போய் வெற்றிலையை மெல்ல மறந்து நின்றார்.

"ஓம்" என்றாள் ராத்தா. ஒழுங்கையில் போன வண்டிக்காரன் திரும்பிப் பார்த்தான். இவள் வாப்பாவின் மகள்தான்.

14 ஓகஸ்ட், ஞாயிறு

கலியாணம் முடிந்தது. இதைத் தறிக்கொட்டிலில் இருந்து எழுதுகிறேன். கொட்டிலில் அவ்வளவு புழுக்கம் இல்லை. கொஞ்சம்தான்.

மாப்பிள்ளை வரும்போது பெண்ணின் தம்பி கடப்படியில் அவர் காலைக் கழுவிவிட வேண்டும். உம்மா என்னைக் கிணற்றடியில் வைத்துத் தேங்காய்த் தும்பால் தேய்த்த தேய்ப்பில் பாதித் தோல் போய்விட்டது. புதுச் சாரம், புதுத் தொப்பி. வெளியே போக எழும்பியபோது ராத்தா உள்ளிருந்து கூப்பிட்டாள். பட்டுக்குள் யாரோ மாதிரி இருந்தாள். "இஞ்ச வா மனே" என்று இரண்டு கையாலும் என் கன்னத்தைத் தடவினாள். அவள் ஒரு நாளும் அப்படிச் செய்ததில்லை. அப்போதாவது சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

கடப்படியில் செம்போடு குந்தி அவர் காலில் தண்ணீரை ஊற்றினேன். கால் அசையவில்லை. அண்ணாந்து பார்த்தேன். முல்லைச் சரத்துக்குள்ளால் சாலிஹ் என்னையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். செம்பில் மிச்சமிருந்த தண்ணீரில் என் முகம் தெரிந்தது. இரண்டு கன்னத்திலும் வரிவரியாகக் கரி.

ஊர்ச் சனம் முழுக்கச் சுற்றி நின்றது. அவர் ஒரு வார்த்தையில் என்னை வாழ்நாள் முழுக்கப் பகிடிக்கு ஆளாக்கியிருக்கலாம். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். அவர் குனிந்தார். கால் கழுவும் தம்பிக்கு உரிய மோதிரத்தை என் விரலில் போட்டார். தோளில் கிடந்த துண்டின் நுனியால், வேர்வை துடைப்பதுபோல, என் இரண்டு கன்னத்தையும் துடைத்துவிட்டார். காதுக்குள் மட்டும் கேட்டார்:

"மச்சான், சாப்பிட்டியா?"

"ஓம்" என்றேன். சாப்பிடவில்லை.

அவர் முன்னறைக்குள் போன பிறகு வேலிப் பக்கமிருந்து ஒரு சிரிப்புக் கேட்டது. கிடுகு ஓட்டையில் ராத்தாவின் கண் இருந்திருக்கும்.

இன்னும் ஒன்று. இவ்வளவும் எழுதியபின் அதையும் எழுதிவிடுகிறேன். யூன் முதலாம் திகதி சகல சனங்களுக்கும் அறியத்தந்த அந்த மீசை. அதுவும் கரிதான். சிரட்டைக்கரி, எண்ணெய் இல்லாமல், ஒவ்வொரு காலையும் புதிதாக. இன்று உம்மா தேய்த்த தேய்ப்பில் அதுவும் போய்விட்டது. ஒருவரும் கவனிக்கவில்லை.